பதினேழாவது மாடிக்கு இட்லி மாவு

எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு காமர்ஸ் பிள்ளைகள் ஒரு சின்ன வியாபாரத்தைத் தொடங்கி நடத்திக் காட்ட வேண்டும். அதற்கு மார்க் உண்டு. மற்றவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்துகொண்டு பிரௌனி, மண் ஜிமிக்கி, பரிசுக் கூடை என்று இறங்கிவிட்டார்கள். நான் அப்பாவின் வங்கி மாற்றலில் சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்கு வந்தவள். வங்காளமும் வராது, வலியப் போய்ச் சிரிக்கவும் வராது. என்னை உப்புக்குச் சப்பாணியாகக்கூட எவரும் சேர்த்துக்கொள்ளவில்லை. போங்கடி என்று தனியாக இட்லி மாவு விற்கக் கிளம்பினேன்.

நியூ டவுனில் எங்கள் குடியிருப்பு முழுக்க உயரமான டவர்கள். கிரைண்டர் வீட்டில் இருந்தது. டப்பாவும் இருந்தது. கொலுவுக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு கொடுக்க அம்மா வாங்கி அடுக்கிய எவர்சில்வர் டப்பாக்கள். ஊரே துர்கா பூஜைப் பந்தலுக்குப் போய்விட்டதால் ஒருவரும் வரவில்லை. சுண்டலை நாங்களே தின்று தீர்த்தோம். அந்த டப்பாக்களில்தான் மாவு கொடுத்தேன். சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று டீச்சரிடம் சொன்னேன். சுத்தப் பொய். பிளாஸ்டிக் கவர் என்றால் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போகச் சொல்வார்கள். டப்பாவைத் திருப்பித் தருவதற்காவது கதவைத் திறப்பார்கள், என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசுவார்கள். எனக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான்.

அடுக்குமாடிக்காரர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். டப்பாவைக் கழுவிச் செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்துவிட்டு, 'எடுத்துக்கொள்' என்று வாட்ஸ்அப்பில் எழுதினார்கள்.

பதினேழாவது மாடி சோமா காக்கிமா மட்டும் கதவைத் திறந்தார். காக்கிமா என்றால் சித்தி. அக்கம்பக்கத்து அம்மாக்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். கணவர் கப்பலில் இன்ஜினியர், வருஷத்தில் பாதி கடலில். காக்கிமா பாதி வங்காளமும் பாதி ஹிந்தியுமாகப் பேசுவார். நான் புரிந்ததற்குத் தலையாட்டுவேன். இட்லி கல்லாக வருகிறது, உள்ளே வந்து செய்து காட்டு என்றார். இட்லித் தட்டு இல்லாததால் மோமோ வேகவைக்கும் பாத்திரத்தில் கிண்ணங்களை வைத்து ஊற்றினோம். ஒன்று பொங்கி மூடியில் ஒட்டிக்கொண்டது. அதைச் சுரண்டித் தின்றுகொண்டே இரண்டு பேரும் சிரித்தோம். இந்த ஊருக்கு வந்து நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். அதற்குப் பிறகு வாரம் முழுக்க, மாவு கொடுக்கப் போகும் சனிக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை டப்பா கனமாகத் திரும்பி வந்தது.

"காலி டப்பாவைத் திருப்பிக் குடுக்கக் கூடாதும்மா. அம்மாகிட்ட குடு," என்றார் காக்கிமா.

எங்கள் வீட்டிலும் அதுதான் வழக்கம், ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவோம். பாயசமாக இருக்கும் என்று லிஃப்டில் சிரித்துக்கொண்டே இறங்கினேன்.

அம்மா மூடியைத் திறந்தாள். கடுகு விழுதில் இரண்டு மீன் துண்டுகள்.

"மீனாடி இது? ஐயையோ, மாவு அரைக்கற ஆத்துல! முதல்ல வாசலுக்கு எடுத்துண்டு போ!"

"அவாளுக்குத் தெரியாதும்மா. மீன்னா இங்க மங்களம். ஆசையாத்தான் குடுத்திருக்கா."

"இருக்கட்டும். நாளைக்கு நாலு பேர் இதையே பண்ணினா? ஒரு வார்த்தை சொல்லிடறேன்."

அம்மா கெட்டவள் இல்லை. சொன்னதும் ஒரு வார்த்தைதான். ஆனால் அதைக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், அத்தனை வீடும் பார்க்கச் சொன்னாள். 'எங்களுடையது சுத்த சைவச் சமையலறை. தயவுசெய்து டப்பாவில் மீன் வைத்துத் திருப்பித் தராதீர்கள்.' பெயர் போடாததே பெரிய நாகரிகம் என்று நினைத்தாள். உடனே யாரோ, 'யாருங்க அந்த மீன்காரர்?' என்று கேலி செய்தார்கள். இன்னும் பத்துப் பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். கடைசியில் சோமா காக்கிமா எழுதினார்: 'நான்தான். மன்னிக்கவும்.'

என் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. சுத்த சைவம் என்று தெரிந்ததும் மார்வாடி வீடுகளிலிருந்து ஆர்டர் குவிந்தது. டப்பா போதாமல் அம்மா பிளாஸ்டிக் கவர் வாங்கினாள். கதவுப் பிடிகளில் மாட்டிக்கொண்டே போனேன். வகுப்பில் எனக்குத்தான் முதல் மார்க். டீச்சர் கைதட்டச் சொன்னார், தட்டினார்கள். அன்று மதியமும் தனியாகத்தான் சாப்பிட்டேன். எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

காக்கிமா மாவு வாங்குவதை நிறுத்திவிட்டார். பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கேட்காமலேயே மாவை எடுத்துக்கொண்டு போய் மணியடித்தேன். உங்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வந்தேன் என்பதை வங்காளத்தில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

கதவு பாதிதான் திறந்தது. என்னைப் பார்த்ததும் காக்கிமா இரண்டு கைகளையும் கூப்பினார். பதினாறு வயதுப் பெண்ணைப் பார்த்து!

"தெரியாம பண்ணிட்டேன்மா. அம்மா மனசு எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும்!"

"பரவாயில்ல காக்கிமா, நான்..."

மனப்பாடம் செய்தது மறந்துபோனது. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை உள்ளே வைத்தேன்.

"வேண்டாம், வேண்டாம், உள்ள வராதே! இன்னிக்கும் மீன் சமைச்சிருக்கேன், வீடெல்லாம் வாசம். உனக்கு ஆகாது."

ஆகும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எந்த மொழியிலும் அது வரவில்லை. காலைப் பின்னால் எடுத்துக்கொண்டேன். என் கால்விரல் இடிபடாமல் பார்த்துப் பார்த்து, சத்தமில்லாமல், காக்கிமா கதவைச் சாத்தினார்.