ஆடியில் பிறந்த மீசைக்காரன்

1

இந்தக் கதையின் முதல் வாக்கியம் என்னுடையதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நிம்மதியாக எழுதலாம்.

கண்புரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ஒரு கண்ணில் கட்டு, இன்னொரு கண்ணில் எடுக்கப்படாத புரை. பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண்பிள்ளை. முகம் தெரியவில்லை, குரல் மட்டும் திருவொற்றியூர்ப் பக்கம் என்று தெரிந்தது. ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே சொன்னாள்: “எங்க குப்பத்துல அந்தக் காலத்துல ஒருத்தருக்குக் கருமாதியும் பண்ணாங்க, தொட்டில்லயும் போட்டாங்க, கண்ணு. அந்த வரிசையில.”

அப்போது பார்த்து நர்ஸ் வந்து அவளைக் கட்டு பிரிக்கக் கூட்டிப்போனாள். அப்படியே வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது அந்த ஒரு வாக்கியமும் பாதி ஆரஞ்சும். பழத்தைத் தின்றுவிட்டேன். வாக்கியம்தான் இன்னும் செரிக்கவில்லை.

ஆகவே இனி வருவதெல்லாம் என் சரக்கு. பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. என் எழுத்து கொஞ்சம் கோணல்மாணலாக வரும். பள்ளிக்கூடம் போய்க் கற்ற எழுத்தில்லை, பொட்டலக் காகிதத்தில் கற்றது.

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

“கடல் அன்று கறுத்திருந்தது.” அடித்துவிட்டேன். கடல் கறுக்காத கடல் கதை ஒன்றைக்கூட நான் படித்ததில்லை.

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் ஆண்டு, வைகாசி மாதம், திருவொற்றியூரை அடுத்த குப்பத்தில் வசிக்கும் லோகநாதன் என்பவன்—” இது போலீஸ் ஸ்டேஷன் எழுத்து. அடுத்த வரியில் யாரையாவது கைது செய்யவேண்டியிருக்கும்.

“ராஜாத்தி தன் புருஷனைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள்.” இது நன்றாயிருக்கிறது. ஆனால் இப்படித் தொடங்கினால் ராஜாத்திக்குத்தான் பைத்தியம் என்று நீங்கள் முடிவுகட்டிவிடுவீர்கள். பைத்தியமா இல்லையா என்று இந்தக் கதை பார்க்கவேண்டியது அவள் புருஷனை. அதனால் இந்த வாக்கியத்தை எடுத்து ஓரமாக வைக்கிறேன். பின்னால் உதவும்.

3

நேராகவே சொல்லிவிடுகிறேன். வைகாசிப் புயலில் ஒரு கட்டுமரம் திரும்பவில்லை. அதில் போனவர்கள் இருவர்: ராஜாத்தியின் புருஷன் லோகநாதன், அவன் தோஸ்து வரதன். இரண்டு பேருக்கும் ஒரே வலை, ஒரே பீடி, ஒரே கடன்காரன்.

குப்பம் காத்திருந்து பார்த்தது. பிறகு லோகநாதனின் தாய் சொக்கம்மாள், பிள்ளையின் ஆவி அலையக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தாள். வைக்கோலில் ஆள் செய்து, அவன் வேட்டியைக் கட்டி, எரித்து, கருமாதி முடித்தார்கள். ராஜாத்தியின் தாலி இறங்கியது. வரதனின் பெண்சாதி பூவம்மா மட்டும் தன் கழுத்தில் யாரையும் கைவைக்க விடவில்லை. கண்ணால் பார்த்தவர் ஒருவர் வந்து சொல்லட்டும், அப்புறம் கழற்றுகிறேன் என்றாள்.

ஆடி பிறந்தவுடன் லோகநாதன் வந்து நின்றான். உப்பு ஏற்றிக்கொண்டு வடக்கே போன தோணி ஒன்று அவனைக் கடலிலிருந்து தூக்கிக் காக்கிநாடாவில் இறக்கியிருந்தது. அங்கே காய்ச்சலில் கிடந்து, தேறி, பாதி ரயிலும் பாதி நடையுமாக வந்து சேர்ந்திருந்தான். ஆள் பாதியாகியிருந்தான். மீசை மட்டும் முழுதாக இருந்தது. பூவம்மா ஓடிவந்து அவன் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பின்னால் யாருமில்லை. கேட்டதற்கு அவன் குடிக்கத் தண்ணீர் கேட்டான்.

கருமாதி ஆனவன் அப்படியே வீட்டுக்குள் நுழைந்துவிட முடியாது. அவன் செத்தவன். மறுபடி பிறந்துதான் வரவேண்டும். குப்பத்துத் தலைவர் பெரியநாட்டார் முறையெல்லாம் தெரிந்த மனிதர், ஒரு குறை வைக்கவில்லை. மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி, பழம்புடவையில் சுற்றி, நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் வைத்தார்கள். புடவைத் தூளி அவனைத் தாங்காது என்று சுறா வலையில் தூளி கட்டினார்கள். பழைய பெயர் செத்துப்போன பெயர் ஆகையால், சொக்கம்மாள் அவன் காதில் மூன்று முறை புதுப்பெயர் சொன்னாள்: ஜெயவேலு.*

தவறு எங்கே நடந்தது என்றால், நாட்டார் பஞ்சாங்கத்தைப் புரட்டியதில் நடந்தது. முடியிறக்கி, காது குத்தி, ராஜாத்திக்கே மறுபடி தாலி கட்டவைத்து, எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்து ஆளைப் பெரியவனாக்கி அனுப்புவதுதான் முறை. ஆனால் ஆடியில் கல்யாணம் கூடாது. பிறப்பு மாதம் பார்த்து வருவதில்லை, கல்யாணம் பார்த்துத்தான் வரும். மீதியை ஆவணியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நாட்டார் மேளக்காரனை அனுப்பிவிட்டார்.

அதாவது, ஒரு மீசை வைத்த ஆண்பிள்ளையைப் பிறக்கவைத்து, பெயரும் வைத்து, அந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

(* இந்த மூன்றாம் பகுதியைப் பேத்தியிடம் படித்துக் காட்டினேன் என்று எழுதப்போனேன். எனக்குப் பேத்தி கிடையாது. இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.)

4

மறுநாள் கட்டுமரம் தள்ள ஆள் கூப்பிட்டார்கள். தூளிக்குள்ளிருந்து பதில் வந்தது: “பொறந்த புள்ளையப் போயி யார்னா கடலுக்குக் கூப்புடுவாங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். அதற்கடுத்த நாளும் அதே பதில். அதற்கடுத்த நாள் சிரிப்பு பாதியாகிவிட்டது. பிறந்த பிள்ளை பேசுமா என்று நாட்டார் மடக்கினார். நான் கொஞ்சம் சூட்டிகை என்றான். லோகநாதா என்று முதுகுக்குப் பின்னால் திடீரென்று கூப்பிட்டுப் பார்த்தார்கள், திரும்பவில்லை. செவுளுக்குச் சாயம் பூசிய பழைய வஞ்சிரத்தைக் காட்டிப் புது மீனா என்று கேட்டார்கள். முகர்ந்துபார்த்துக் கலீஜ் என்று தள்ளினான். பால் குடிக்கிற பிள்ளைக்குச் செவுள் பார்க்க எப்படித் தெரியும் என்று பாய்ந்தார் நாட்டார். குப்பத்துப் பிள்ளைக்கு அது வயிற்றிலேயே தெரியும் என்று பெருமையோடு பதில் சொன்னவள் சொக்கம்மாள். அவளுக்கென்ன, தொலைந்த பிள்ளை கைப்பிள்ளையாகத் திரும்பி வந்திருக்கிறான். கஞ்சியை ஊதி ஊதி ஊட்டினாள்.

பேஜாரெல்லாம் ராஜாத்திக்குத்தான். தாலி இறங்கிவிட்டது, மறு தாலி ஏறவில்லை. பெண்சாதியும் இல்லை, கைம்பெண்ணும் இல்லை. புருஷனை எப்படிக் கூப்பிடுவது என்பதுகூடத் தெரியவில்லை. மாமா என்றால் அவன் இவளைவிடச் சின்னவன். கட்டிக்கொண்ட நாள் முதல் பெயர் சொல்லாதவள், இப்போது வேறு வழியில்லாமல் ஜெயவேலு என்றாள். முதல் தடவை சொன்னபோது சிரிப்பு வந்தது. அவனுக்கும் வந்தது. அந்தச் சிரிப்பில் அவள் பழைய ஆளைப் பார்த்துவிட்டாள். இது வேஷம் என்று அன்றைக்கு நம்பினாள்.

மறுநாள் மாமியாருக்குக் கை வலித்தது. [இதோ, ஓரமாக வைத்த வாக்கியம்:] ராஜாத்தி தன் புருஷனைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டினால்தான் தூங்கினான். ஆட்டத்தை நிறுத்தியதும் தூக்கத்திலேயே அவன் வலது கை வலைக் கண்ணுக்குள் விரலை விட்டு, கணு வெளுக்கும்வரை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. வேஷம் போடுகிறவன் தூங்கும்போதும் போடுவானா? அன்றைக்கு அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? நான் நாலாம் பகுதியை எழுதும்வரை இவன் நடிக்கிறான் என்றுதான் நினைத்திருந்தேன். சோம்பேறி ஒருவனை வைத்து உங்களைச் சிரிக்கவைத்து அனுப்பிவிடலாம் என்பது என் திட்டம். அந்தக் கையை நான் திட்டமிடவில்லை. அது தானாக வலையைப் பிடித்துக்கொண்டது.

5

ஆவணி வந்தது. பைத்தியத்துக்குத் தாலி கட்டவைத்தால் பாவம் தனக்கு என்று நாட்டார் கல்யாணத்தை நிறுத்தினார். ராயபுரத்திலிருந்து டாக்டரை வரவழைப்பது என்று முடிவாயிற்று; புத்தி சரியாயிருக்கிறது என்று அவர் எழுதினால் கல்யாணம், கடல். இல்லையென்றால் கீழ்ப்பாக்கம். கீழ்ப்பாக்கம் என்ற சொல் காதில் விழுந்ததும் சொக்கம்மாள் ஊட்டிக்கொண்டிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ராஜாத்தி வடிவுடையம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். என்ன வேண்டுவது என்று தெரியாமல், பார்த்துச் செய் தாயே என்று மட்டும் வேண்டிக்கொண்டாள்.

ஸ்டானிஸ்லாஸ் என்ற அந்த டாக்டர் ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார். மணலில் நாற்காலி புதைந்ததால் கொஞ்சம் சாய்ந்தே உட்கார்ந்தார். குப்பமே சுற்றி நின்றது. தூளியிலிருந்து ஆளை இறக்கி எதிரில் உட்காரவைத்தார்கள்.

“பேர்?”

“ஜெயவேலு.”

“வயசு?”

“ரெண்டு மாசம் ஆவப்போவுது.”

“தொழில்?”

“இன்னும் ஒண்ணும் கத்துக்கல.”

இன்றைக்கு என்ன கிழமை என்றார், சரியாகச் சொன்னான். நாட்டை ஆள்வது யார் என்றார். “வெளியில ஜார்ஜு ராஜா. இங்க நம்ப நாட்டாரு,” என்றான்.

டாக்டர் பேனாவை எடுத்தார், வைத்தார். நாட்டாரைப் பார்த்து, இவருக்கு ஜெயவேலு என்று பெயர் வைத்தது யார் என்று கேட்டார். நாங்கள்தான் என்றார் நாட்டார். பிறந்தது? ஆடி மாதம். பார்த்தவர்கள்? குப்பமே பார்த்தது, மேளம்கூட வாசித்தோம்.

“அப்போ இந்த ஆள் சொன்னதுல எது பொய்?” என்றார் டாக்டர். “இவருக்குன்னு தனியா எழுத முடியாது, நாட்டாரே. எழுதினா உங்க எல்லாருக்கும் சேர்த்துத்தான் எழுதணும்.”

(அவர் கிறிஸ்தவர். மறுபடி பிறப்பது என்பது அவர்கள் கோயிலிலும் உண்டு. தலையில் கொஞ்சம் தண்ணீரோடு முடித்துக்கொள்வார்கள், சுறா வலை வேண்டியதில்லை.)

கூட்டம் சிரித்தது. இந்தச் சிரிப்போடு டாக்டரை ஜட்காவில் ஏற்றி அனுப்பியிருந்தால் நல்ல கதை. நான் அனுப்பத்தான் பார்த்தேன். ராஜாத்தி விடவில்லை. அவள் கண்ணில் அந்த வெளுத்த விரல்கணு நின்றது. எதிரில் வந்து குந்தினாள்.

“ஜெயவேலு. வரதன் எங்கடா?”

“எந்த வரதன்?”

“ஒன் தோஸ்து.”

“இன்னா பேஜாரு இது,” என்றான் அவன், கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. “நான் பொறக்கறதுக்கு முந்தி செத்தவனப் பத்தி என்னாண்ட கேட்டா நான் இன்னா சொல்றது?”

கூட்டம் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நின்றது. வரதன் செத்தான் என்று அந்தக் குப்பத்தில் அதுவரை யாரும் சொன்னதில்லை. அவன் சிரிப்பும் முகத்திலேயே நின்றுவிட்டது, எடுத்துவைக்க இடம் தெரியாத சாமானைப்போல.

பூவம்மா பின்வரிசையிலிருந்து முன்னால் வந்தாள். கழுத்துக் கயிற்றைக் கையில் பிடித்திருந்தாள்.

“தனியாவா போனான்?” என்று கேட்டாள்.

மீசைக்காரக் குழந்தை ஒரு பிடி மணலை இறுக்கிப் பிடித்தது. பிறகு அதன் வாயிலிருந்து லோகநாதன் பேசினான்.

“இல்ல, பூவு. கையப் புட்சிகினுதான் இருந்தேன். ஒடஞ்ச கட்டை ரெண்டு பேரத் தாங்கல. அவன்தான் விட்டான். நான் விடல.”

அவ்வளவுதான். சொல்லிவிட்டுத் தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். சொக்கம்மாள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். பூவம்மா “சரி,” என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுப் பக்கம் நடந்தாள். இரண்டு பெண்கள் அவள் பின்னால் போனார்கள். யாரும் அவளைத் தொடவில்லை.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, நாட்டாரைக் கேட்காமல், ராஜாத்தியைக் கேட்டார்.

“கூட இருக்கிறவ நீதானேம்மா. சொல்லு, நான் என்னன்னு எழுதட்டும்?”

பைத்தியம் என்றால் புருஷன் போவான். சரியாகிவிட்டான் என்றால் நாளைக்கே கடலுக்குத் தள்ளுவார்கள், அதிலும் போவான். இரண்டையும் அவள் ஒரு நொடியில் பார்த்துவிட்டாள். நான் பார்க்க மூன்று நாளாயிற்று.

“கொழந்த வளந்துகினு கீதுன்னு எழுதுங்க, டாக்டரய்யா,” என்றாள்.

6

டாக்டர் ஏதோ எழுதினார். என்னவென்று எனக்குத் தெரியாது. என் கண்ணில் கட்டு இருந்தது, மறந்துவிட்டீர்களா?

இனி முடிவு. மூன்று தொடக்கம் எழுதினவளுக்கு முடிவுக்கா பஞ்சம்?

முதல் முடிவில் ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம், மறுநாள் கடல், கட்டுமரம் நிறைய மீன். எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். கருவாட்டுக் கடை விளம்பரம் மாதிரி இருந்தது. கிழித்தேன்.

இரண்டாவது முடிவில் ஜட்கா திரும்பும்போது அவனையும் ஏற்றிக்கொண்டு— இல்லை. பேனா அந்தப் பக்கம் போகமாட்டேன் என்கிறது. நீங்களும் கேட்காதீர்கள், கண்ணுகளா.

மூன்றாவதில் நாட்டார் மனம் திருந்திக் குப்பத்தாரைக் கூப்பிட்டு ஒரு நீண்ட— நாட்டார் திருந்துகிற ஆளில்லை. சாயங்காலமே பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு, குழந்தை நடக்கப் பழகுவதற்கு நல்ல நாள் எது என்று புரட்டத் தொடங்கிவிட்டார். அதை வேண்டுமானால் எழுதலாம்.

நல்ல நாள் கிடைத்தது. காலை வெயிலில் ராஜாத்தி அவனைக் கரைக்குக் கூட்டிப்போனாள். தொலைவிலிருந்து குப்பம் பார்த்தது, பார்க்காததுபோல் வலை உலர்த்தியது. [பூவம்மாவையும் இங்கே வரவழைக்கலாமா என்று பார்த்தேன். கூப்பிட்டேன். வரவில்லை. அவளுக்கு இது கடல் பார்க்கிற வாரமில்லை.]

ஈரமணல் தொடங்கும் இடத்தில் அவன் நின்றுவிட்டான். ராஜாத்தி முன்னால் போய், திரும்பி நின்று, குழந்தைக்கு நீட்டுவதுபோல ஒரே ஒரு விரலை நீட்டினாள். முழுக் கையை நீட்டினால் இறுக்கிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். விரல் என்றால் விடவும் பழகலாம்.

“வாடா, ஜெயவேலு. ஒரு அடி.”

அவன் பிடித்துக்கொண்டான். ஒரு அடி வைத்தான். அலை வந்தது.

இதற்குமேல் இந்த வேலையை நான் செய்வதாயில்லை. இரண்டாவது கண்ணுக்கும் நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள், நான் போகவேண்டும். அலையை உங்களிடம் விட்டுப்போகிறேன். எவ்வளவு தூரம் ஏறலாம் என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள், அவசரப்படுத்தாமல். நான் கணுக்கால்வரை எழுதியிருக்கிறேன்.