நான்கு இடம் மாறிய தீவு

கடலில் முழுகிப்போன குமரியை நாற்பது வருஷமாகத் தேடியவர் தைரியராஜ். ஊரே கண்டம் என்று சொன்னதை, "கண்டமெல்லாம் இல்லை, தீவுதான்" என்று அவரே பெரிய மனசு பண்ணிச் சின்னதாக்கிக்கொண்டார். கடலில் இறங்கித் தேடினாரா என்றால் இல்லை, நீச்சல் தெரியாது. தென்னூர் வீட்டு மாடியில் வரைபடத்தை விரித்து, பறக்காமலிருக்க நாலு மூலைக்கும் நாலு கல்லை வைத்துத் தேடினார். ஓய்வுபெற்ற ஜியாலஜி வாத்தியார் வீட்டில் கல்லுக்கா பஞ்சம்!

முதலில் தீவைக் கன்னியாகுமரிக்குத் தெற்கே வைத்தார். "கருங்கல் பூமி, அடியில இருக்கிற கனமான பாறை மேல கட்டை மாதிரி மிதக்கும் சார், முழுகாது" என்று கூட வேலை பார்த்தவர்கள் சிரித்ததும் மாலத்தீவுப் பக்கம் நகர்த்தினார். அங்கே பவளப்பாறை இடம் கொடுக்கவில்லை. மடகாஸ்கர் வரைக்கும் தள்ளிப் பார்த்தார். நான்காவதாக மன்னார் வளைகுடாவில், ஒரு பழைய ஆற்றின் முகத்துவாரத்தில் கொண்டுவந்து வைத்தபோதுதான் அவரே பயந்து பென்சிலைக் கீழே வைத்தார்.

காரணம், இந்தத் தீவில் பாறையே இல்லை. ஆறு கொட்டிய மணல். தண்ணீர் மேலே ஏறி அதை மூழ்கடிக்கவில்லை. அடியில் மணலை உருவிவிட்டது. மேலே இருந்தவர்கள் வீடு வாசலோடு உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு தண்ணீருக்கு நடுவே இப்படி மணலில் உட்கார்ந்திருக்கும் தீவு இன்றைக்கு எங்கே இருக்கிறது? கப்பல் வேண்டாம், ஒன்றாம் நம்பர் பஸ் போதும். ஸ்ரீரங்கம். அதன் வடக்கு ஓரத்தில், கொள்ளிடக் கரையை ஒட்டித்தான் அவருடைய மகள் ஷெர்லின் வீடு.

அந்த வீட்டுச் சமையலறைப் பின்சுவரில், ஜன்னலிலிருந்து தரை வரை ஒரு விரிசல் விழுந்திருந்தது. தைரியராஜ் மைக்ரோஸ்கோப் கண்ணாடித் துண்டு ஒன்றை அதன் குறுக்கே பிளாஸ்டரால் ஒட்டி, தேதி எழுதினார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். அசையாவிட்டால் மாமனாரின் கிறுக்குக்குச் சாட்சியாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

முதல் துண்டு ஒரு மாதத்தில் உடைந்தது. குக்கர் விசில் அதிர்வு என்றாள் ஷெர்லின். இரண்டாவது பத்து நாளில் உடைந்தது. லாரி என்றார் மாப்பிள்ளை பிரவீன்ராஜ். "கொஞ்ச நாள் தென்னூர்ல வந்து இருங்களேன்" என்று இழுத்தார் தைரியராஜ்.

"தப்பா நினைக்காதீங்க மாமா. உங்க தீவே நாலு இடம் மாறிடுச்சு. எங்க வீடு ஒரு தடவை மாறட்டும், அப்புறம் பார்க்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். தைரியராஜும் சிரித்தார், நல்ல அடி, அவரே ரசித்தார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சிரிப்பு நின்றது. கண்ணாடி உடைகிறது என்றால் வீடு இடம் மாறிவிட்டது என்றுதானே அர்த்தம்? மூன்றாவது துண்டை அன்றைக்குத்தான் ஒட்டிவிட்டு வந்திருந்தார். அந்த வாரமெல்லாம் பூசையில் அவருக்கு ஒரே ஜெபம்: 'நாற்பது வருஷமா ஒரு சான்று கேட்டேன் ஆண்டவரே. இது வேண்டாம்.'

ஞாயிற்றுக்கிழமை காலை, மேட்டூர் நிரம்பிக் கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிட்டதாகச் செய்தி. பத்து மணிக்குத் தென்னூரில் ஒரு சின்ன அரங்கில் அவர் பேச்சு. இருபத்து மூன்று பேர்; அதில் ஏழு பேர் சொந்தக்காரர்கள். பேசி முடித்ததும் யாழினி என்கிற பள்ளி ஆசிரியை எழுந்தாள்.

"சார், அந்தத் தீவுக்காரங்களுக்கு முன்கூட்டியே தெரியாமலா இருந்திருக்கும்? யாராவது சொல்லியிருக்க மாட்டாங்களா?"

"சொல்லியிருப்பான்மா ஒருத்தன். ஆனா அதுக்கு முன்னாடி நாலு தடவை தப்பா சொல்லியிருப்பான்."

அரங்கம் சிரித்து அடங்குவதற்குள் தைரியராஜ் மைக்கை வைத்துவிட்டு வாசலுக்கு வந்திருந்தார். "சார், பொன்னாடை!" என்று பின்னாலேயே ஓடிவந்த அமைப்பாளர் நல்லதம்பி, ஆட்டோ கிளம்பும்போது சால்வையை உள்ளே எறிந்தார்.

ஷெர்லின் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். சுவரில் பிளாஸ்டர்த் தடம் மட்டும் இருந்தது.

"கண்ணாடி எங்கம்மா?"

"முந்தாநாளே உடைஞ்சிடுச்சுப்பா. இன்னைக்கு நீங்க பேசப் போறீங்க, மனசு கஷ்டப்படுவீங்கன்னு எடுத்துக் குப்பையில போட்டுட்டேன்."

விரிசலில் விரலை வைத்தார். விரல் உள்ளே போயிற்று. பின்பக்கம் ஆறு இரைந்தது.

"இப்பவே கிளம்புங்க."

"என்ன மாமா, தீவா?" பிரவீன்ராஜ் பேப்பரை மடித்தபடி சிரித்தார்.

"தீவெல்லாம் இல்ல மாப்பிள்ளை. நாலும் தப்பு. வரைபடத்துல காலியா இருந்த இடத்துல எல்லாம் வச்சுப் பார்த்தேன், அவ்வளவுதான். நாற்பது வருஷம் வீணாப் போச்சு, போகட்டும். இது ஒண்ணை மட்டும் நம்புங்க."

ஷெர்லின் கையிலிருந்த மீனைச் சட்டியில் வைத்தாள். தவறான பஸ்ஸில் ஏறினாலும், 'ரூட்டை மாத்திட்டான்' என்று சொல்கிற மனுஷன் அவள் அப்பா. தப்பு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதில்லை. விரிசலைப் பார்த்து வராத பயம் இப்போது வந்தது. கேஸை மூடினாள்.

"பிரவீன், கார் சாவியை எடுங்க."

வண்டியில் இரண்டு பேரும் ஏறினார்கள். தைரியராஜ் ஏறவில்லை. பக்கத்து வீட்டு வீரம்மாள் கேட்டில் சாய்ந்து நின்றாள்.

"என்ன சார், குடும்பத்தோட எங்க? தீவைக் கண்டுபிடிச்சிட்டீங்களா?"

அந்த வரிசையில் பதினொரு வீடு. எல்லாவற்றுக்கும் முதுகுப்புறம் கொள்ளிடம். சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"நான் சொன்ன தீவெல்லாம் பொய்ங்க" என்று ஆரம்பித்தார். வீரம்மாளுக்குச் சிரிப்பு நின்றது; உள்ளே திரும்பி யாரையோ கூப்பிட்டாள். அடுத்த வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். அதற்கடுத்த வாசலில் மணியை அழுத்தும்போது, மகள் வீட்டுப் பின்சுவர்ப் பக்கமிருந்து சடக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

அங்கே இப்போது உடைவதற்குக் கண்ணாடி எதுவும் ஒட்டியிருக்கவில்லை.