நாரைக்குப் போன குரல்

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அவருடைய குரல் கையை விரித்துவிட்டது. மைக்கின் முன்னால் நின்று வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது.

"அண்ணே, இன்னும் ஒரே ஒரு தடவை," என்றார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இயக்குநர். கெஞ்சுகிறாரா, விரட்டுகிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலையில் அவருக்கு ஆபரேஷன். தொண்டையில் வளர்ந்திருந்த கட்டியோடு குரல்வளையையும் சேர்த்து எடுக்கப் போகிறார்கள். அதற்குப் பிறகு இந்த ஜென்மத்தில் பேச்சு கிடையாது. அதற்குள் படத்தை முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று விடிந்ததிலிருந்து தொண்டையைக் கிழித்துக்கொண்டிருந்தார். கடைசிக் காட்சி மட்டும் பாக்கி.

டமாரம் என்பது அவர் குரல் கொடுக்கும் கார்ட்டூன் நாரை. ஒரு காலில் நிற்கும்; மறு காலால் போகிற வருகிறவர்களை இடறிவிடும். சேற்றில் குப்புற விழுந்தாலும், "நானா விழுந்தேன்? தரைதான் என்னைப் பார்க்க மேல வந்துச்சு!" என்று சிறகைத் தட்டிக்கொண்டு எழுந்திருக்கும். மன்னிப்புக் கேட்காது. தோற்றதாக ஒருநாளும் ஒப்புக்கொள்ளாது. அதைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகள் வளர்ந்து, தங்கள் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு இன்னும் சிரிக்கிறார்கள். தபால்காரரிலிருந்து பல் டாக்டர் வரை எல்லோரும் அவரையே "டமாரம்" என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

வரவேற்பறையில் மாற்றுக் குரல்காரன் தேன்குரல் காத்திருந்தான். கம்பெனியில் எல்லோரும் வைத்த பெயர் அது. ஒரு படத்துக்கு ஒரே குரல் என்பது கம்பெனி வழக்கம். சாயங்காலத்துக்குள் கடைசிக் காட்சி முடியாவிட்டால், முதலிலிருந்து முழுப் படத்தையும் அவன் பேசுவான். அவன் கெட்டவன் இல்லை. அதுதான் வம்பு. அவன் பேசிக் காட்டியபோது டமாரம் சேற்றில் விழுந்து, "ஐயோ, வலிக்குதே" என்று கொஞ்சியது. முதலாளிக்குப் பரம திருப்தி. "பாசமா இருக்கே!" என்றாராம்.

தான் ஊமையாவதை அவர் எப்படியோ விழுங்கிக்கொண்டார். நாரை நல்ல பிள்ளையாவதை விழுங்க முடியவில்லை.

மறுபடி முயன்றார். டமாரத்தின் வேகம் ஆண்பிள்ளை வாய்க்கு எட்டாது. அதனால் அவர் வசனத்தைக் கனத்த குரலில் ஜவ்வாக இழுத்துப் பேசுவார். ஒலிப்பதிவாளர் அதை வேகமாக ஓட்டியதும் கீச்சென்று நாரை வந்து நிற்கும். இன்று இழுப்பதற்கே ஒன்றுமில்லை. இருமினார். கைக்குட்டையில் சிவப்பாக ஏதோ ஒட்டியது.

"அண்ணே, கடைசியா ஒரு தடவை..."

கதவைத் தள்ளிக்கொண்டு வெந்நீர் பிளாஸ்க்கோடு அவர் மனைவி உள்ளே வந்தாள். நேராக மைக்கின் பக்கம் போனாள்.

"ஏன் தம்பி, இது அவர் தொண்டையா, உங்க வீட்டுக் குழாயா? திருகிக்கிட்டே இருக்கீங்க! தண்ணி வரலைன்னா குழாயத் திட்டுவீங்களா, ஊரத் திட்டுவீங்களா?"

"அண்ணி, பதிவு நடக்குது. கொஞ்சம் வெளிய இருங்க."

"நான் ஏன் வெளிய போகணும்? வேணும்னா உங்க ரூம் வெளிய போகட்டும்!"

காதில் ஹெட்போனோடு இருந்த ஒலிப்பதிவாளர் சட்டென்று நிமிர்ந்தார். இயக்குநர் வாயை மூட மறந்துபோனார்.

அவர் பாய்ந்து மனைவியின் கையைப் பிடித்தார். இத்தனை காலம் பேட்டிக்குப் பேட்டி, 'டமாரத்தைக் கண்ணாடி முன்னால் நின்று நானே கண்டுபிடித்தேன்' என்று அளந்துகொண்டிருந்தவர், இப்போது அவளை மைக்கின் முன்னால் நிறுத்தினார்.

"இவதான்..." என்று மூச்சாலேயே சொன்னார். "டமாரம்... இவதான்."

"இப்பவாவது வாயில வந்துச்சே!" என்றாள் அவள். "கல்யாணம் ஆன சூட்டோட என்னத் தூக்கிட்டுப் போய் டிவியில வித்துட்டாரு தம்பி. காலையில நான் இவரைத் திட்டுறது, சாயங்காலம் ஊரே கேட்டுச் சிரிக்குது."

அவளைப் பேச வைத்தார்கள். அவர் பேசுவதைப் போலவே, இழுத்து, மெதுவாக. வேகமாக ஓட்டிப் பார்த்தால் தூக்கத்தில் உளறும் கொசு மாதிரி இருந்தது. இரண்டாவது தடவை இன்னும் மோசம். இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். தேன்குரலைக் கூப்பிட இன்டர்காமை எடுத்தார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து அவர் இரண்டு கைகளாலும் அதில் அறைந்தார். வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கண்ணீர் மோவாய் வரை வந்துவிட்டது.

"சார், ஒரு நிமிஷம்," என்றார் ஒலிப்பதிவாளர். "அண்ணி பாட்டுக்கு அவங்க வேகத்துல பேசட்டும். ஓட்டவே வேண்டாம்; ரெண்டும் ஒரே குரலாத்தான் கேக்கும். இந்த மிஷின் இத்தனை வருஷமா அண்ணனை இழுத்துட்டுப் போனதே இவங்க வேகத்துக்குத்தானே!"

இயக்குநர் இன்டர்காமைக் கீழே வைத்தார். கடைசிக் காட்சியில் டமாரம் சேற்றில் சிக்கிக்கொண்டு ஆமையோடு சண்டை போட வேண்டும்.

"ஆமை எங்க?" என்று கேட்டாள் அவள்.

"ஆமைக்கு நாளைக்கு வேற ஆள் பேசுவார் அண்ணி. நீங்க உங்க வசனத்தை மட்டும் பேசுங்க."

"எதிர்ல ஆளே இல்லாம எப்படித் தம்பி சண்டை போடுறது?"

அவர் போய் அவளுக்கு எதிரே நின்றார். தினமும் வீட்டுச் சமையலறையில் நிற்கும் அதே தூரத்தில். பதிவு விளக்கு எரிந்தது.

"வழி தெரியாம நிக்கிறேனாம்! யாரப் பார்த்துச் சொல்ற? நான் நிக்கிறதுதான் வழி! நீ போறதெல்லாம் வெறும் மண்ணு!"

நாரை சிறகடித்துக்கொண்டு எழுந்தது. ஒலிப்பதிவாளர் கட்டைவிரலை உயர்த்தினார். அவள் அத்தோடு நிறுத்திவிட்டாள்.

"பிரமாதம் அண்ணி! ஏன் நிறுத்திட்டீங்க?"

"அவர் பதில் சொல்லணும்ல?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. முகம் வெளுத்தது.

அவர் வாயைத் திறந்தார். உதடுகள் அசைந்தன. கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு முனகல்கூட வெளியே வரவில்லை. அவள் அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். மோவாயை உயர்த்தினாள்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு. கத்தாதீங்க," என்றாள். "முதல்ல நான் சொல்றதக் கேளுங்க."

விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தாள்.