பெரிய டப்பா, சின்ன டப்பா

மருமகள் நீட்டிய தட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். முகம் கோணியது. மீதியை நைசாகச் சட்டைப்பைக்குள் நழுவவிட்டுவிட்டு, கூடத்து நடுவில் கிடத்தியிருந்தவளைப் பார்த்து, "என்ன கைப்பக்குவம்! இனி யாருக்கு வரும்?" என்றார்.

அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்து நூலளவு கோணலையும் கண்டுபிடிக்கிற கண் அவளுக்கு. துக்கத்துக்கு வந்த ஒருத்தி கடித்ததைக் கைக்குட்டைக்குள் மடித்தாள். இன்னொருத்தி பூந்தொட்டி மண்ணில் புதைத்தாள். அத்தான், கட்டின புருஷன், டீயில் முக்கி அது கரைந்து போகட்டும் என்று காத்திருந்தார். புளுகுமூட்டைகள். செத்தவள் முன்னால்கூட ஒரு நிஜம் பேச வக்கில்லை. அந்த வீட்டில் தங்கைக்கு உண்மைவிளம்பி என்று பட்டப்பெயர். பாராட்டி வைத்ததல்ல.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு காய்ச்சலில் அக்காவுக்கு வாசனை போய்விட்டது, கூடவே பாதி ருசியும். தங்கையைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை. வாராவாரம் பிஸ்கட் சுடுவதையும் விடவில்லை. பேக்கிங் பவுடரும் சமையல் சோடாவும் ஒரே மாதிரி இரண்டு பாட்டில்களில் இருக்கும். பெயர் எழுதி ஒட்டமாட்டாள், கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன் என்பாள். யாரோ அலமாரியைத் துடைத்து இடம் மாற்றி வைத்தார்கள். அதோடு பவுடருக்குப் பதில் கரண்டி கரண்டியாகச் சோடா விழ ஆரம்பித்தது. ஒருத்தராவது சொல்ல வேண்டுமே! மகன் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே "சூப்பர்மா" என்பான்.

ஏழு வாரத்துக்கு முன்பு தங்கைதான் எல்லார் முன்னாலும் ஒன்றைக் கடித்துத் துப்பினாள்.

"சோப்பு மாதிரி இருக்குக்கா. மூக்குப் போனத இவங்ககிட்ட எப்பத்தான் சொல்லப்போற?"

அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவ கெடக்கா, நல்லாத்தான் இருக்கு என்றார் அத்தான். அக்கா டப்பாவை மூடிவிட்டு உள்ளே போனாள். அப்புறம் பேச்சே இல்லை. போன் செய்தால் மருமகள் எடுத்து, அத்தை குளிக்கிறாங்க என்பாள். ஏழு வாரமாகவா ஒரு மனுஷி குளிப்பாள்?

இன்று காலை மாரடைப்பு. தகவல் வந்ததிலிருந்து தங்கையின் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். அக்கா கடைசியில் யாரை நம்பிவிட்டுப் போனாள்? இந்தப் புளுகர்களையா, தன்னையா?

தட்டை நிரப்ப மருமகள் மறுபடி அடுக்களைக்குப் போனபோது இவளும் பின்னாலேயே போனாள். எப்போது சுட்டது என்று கேட்டாள்.

"பழசு சித்தி. இந்தப் பெரிய டப்பாவ குப்பையில கொட்டச் சொன்னாங்க அத்தை. வீணாப் போகுதேன்னு நான்தான் எடுத்து வெச்சேன்."

"கொட்டச் சொன்னாளா? எப்ப?"

"நீங்க வந்துட்டுப் போன மறுநாளே."

தங்கை அலமாரியைத் திறந்தாள். உள்ளே அதே இரண்டு பாட்டில்கள் இருந்தன. ஒன்றின் கழுத்தில் அடையாளத்துக்குச் சிவப்புத் துணித்துண்டு கட்டியிருந்தது, இவள் தையல் கடையில் வெட்டிப் போட்ட துண்டு. பக்கத்தில் ஒரு சின்ன டப்பா. நேற்று சுட்டது, யாரும் தொடக் கூடாதென்று உத்தரவு என்றாள் மருமகள். மூடியில் ஒட்டிய காகிதத்தில் அக்காவின் கோழிக்கிறுக்கல்: 'ஞாயித்துக்கிழமை அவளைக் கூப்பிடணும். அவ தின்னு பாத்துச் சொன்னப்புறம்தான் மத்தவங்களுக்கு.'

இன்று வெள்ளிக்கிழமை.

அவள் டப்பாவோடு கூடத்துக்கு வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தாள். ஒன்றை எடுத்துக் கடித்து நிதானமாக மென்றாள்.

"சோடா இல்லக்கா," என்றாள், எல்லோருக்கும் கேட்க. "அடிதான் கருகிப்போச்சு."

செத்தவகிட்டயுமா உன் நொட்டைச் சொல் என்று அத்தான் பல்லைக் கடித்தார். பக்கத்து வீட்டுக்காரர், நிலைமையைச் சமாளிக்கிறவர் போல, சின்ன டப்பாவை நோக்கிக் கையை நீட்டினார்.

அவள் அதை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"இருங்க. நான் இன்னும் சொல்லி முடிக்கல," என்றபடி இன்னொன்றை எடுத்தாள்.