தொப்பிக்காரன் தோட்டம்

ஸ்ரனிஸ்லாஸுக்கு யோசப்பின் என்று ஓர் அக்கா இருந்தாள். அவளை அவர் கண்ணால் கண்டதேயில்லை. ஒன்பது வயதில் அவளைக் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் போய் மூன்றாம் மாதம்தான் இவர் பிறந்தார். அந்த நத்தார்ப் பண்டிகைக்கு மகளைக் கூட்டிவர அப்பா சூசை கடன்பட்டுக் கொழும்புக்குப் போனார். வீடு பூட்டிக் கிடந்தது. வீட்டுக்காரர் எங்கே மாறிப்போனார்கள் என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை, தெரிந்தவர்களுக்குச் சொல்ல மனமில்லை. அம்மா மரியாய் கடைசியாகக் கண்மூடும்போது இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, “அக்காவத் தேடிருய்யா” என்றாள்.

தேடினார். குறை சொல்லக்கூடாது, மனுஷன் உண்மையாகவே தேடினார். ஆனால் தேடிய விதத்தைக் கேட்டால்தான் வயிறு எரியும்.

முப்பத்தொரு வருடம் கண்டியில் ஒரு காணிக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர் அவர். ஒரே காணிக்கு உறுதிப் பத்திரத்தில் ஒரு பெயர், வரைபடத்தில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர் என்று சனங்கள் வந்து நின்றால் அவருக்குத் தலை வெடிக்கும். பென்சன் எடுத்துக்கொண்டு ஹந்தானை ஏற்றத்தில் வீட்டோடு இருந்த காலத்தில், அக்காவின் கண்ணில் படட்டும் என்று குடும்ப வரலாற்றை இணையத்தில் போடப் புறப்பட்டார். பக்கத்தைச் செய்து கொடுத்தவன் பக்கத்து வீட்டு சதீஸ். விவரமெல்லாம் அம்மா சொல்லச் சொல்ல இவர் முன்பே எழுதிவைத்த ஒரு சீ.ஆர். கொப்பியில் இருந்தது. அதில் அக்காவுக்கு நேரே, அம்மா சொன்னபடியே, ‘தொப்பிக்காரன் தோட்டம், மேட்டு லயம்’ என்றிருந்தது.

மடுல்கெல்லைக்கு மேலே இருந்த தோட்டம் அது. பலகையில் ‘கிரான்வில்’ என்றிருக்கும், சம்பளச் சீட்டிலும் அதுதான். ஆனால் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் ஒரு வாயும் அப்படிச் சொன்னதில்லை. எந்தக் காலத்திலோ ஒரு துரை தொப்பியைக் கழற்றாமல் கோயிலுக்குள் நுழைந்தானாம், அன்றிலிருந்து அது தொப்பிக்காரன் தோட்டம். மலையகத்தில் எந்தத் தோட்டத்துக்குத்தான் இரண்டு பெயர் இல்லை? எழுபத்தாறில் தோட்டத்தைத் துண்டு போட்டுக் கொடுத்து ஆட்களை விரட்டிய பிறகு லயமும் போயிற்று, பலகையும் போயிற்று, சனங்கள் திசைக்கொன்றாய்ச் சிதறிப்போனார்கள்.

ஸ்ரனிஸ்லாஸ் சிவப்புப் பேனையை எடுத்தார். ஓர் இடத்துக்கு ஒரு பெயர், அதுவும் அரசாங்கப் பதிவில் உள்ள பெயர் என்பது அவர் வைத்த சட்டம். கொப்பியில் தொப்பிக்காரன் வந்த இடமெல்லாம் கோடு இழுத்து, மேலே ‘கிரான்வில்’ என்று எழுதி, இணையத்திலும் அப்படியே ஏற்றினார்.

கம்பளை ஸ்டேசனடியில் ஆட்டோ ஓடும் சித்தப்பா மகன் சுவக்கின் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

“என்னாண்ணே இது? நம்மாளுக யாருக்குண்ணே கிரான்வில் தெரியும்? பழைய பேர அடைப்புக்குள்ளயாவது போடுங்க.”

“இது வம்ச வரலாறு தம்பி, லயத்துப் பேச்சு இல்ல. தொப்பிக்காரன் கிப்பிக்காரன்னு போட்டா பாக்கிறவன் சிரிப்பான்.”

“சிரிச்சா சிரிச்சிட்டுப் போறான்.”

“எடத்துக்கு ஒரு பேருதான் இருக்கணும்.”

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்.  சுவக்கின் போகும்போது கொப்பியின் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போனான்.

இந்த வருடம் கல்லறைத் திருநாளன்று, பெரியம்மா மரியாயின் நினைவாக சுவக்கின் அந்தப் படத்தைப் பேஸ்புக்கில் போட்டான். ‘நாங்க தொப்பிக்காரன் தோட்டத்து ஆளுக’ என்று மேலே ஒரு வரியும் எழுதினான். மூன்றாம் நாள் அவனுக்கு ஒரு பெண் அழைப்பெடுத்தாள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு, சுவக்கினின் ஆட்டோவில் அவள் ஹந்தானைக்கு வந்து இறங்கினாள். நாற்பது வயதிருக்கும். நெற்றி அப்படியே அம்மாவின் நெற்றி. ஸ்ரனிஸ்லாஸுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

“நான் றொசானா, மாமா. வத்தளையில இருந்து வாறேன். யோசப்பினோட மகள்.”

“அக்கா எங்கம்மா? வரலயா? மேல ஏற ஏலாதா? கீழ இருக்காங்களா?” அவர் வாசலை எட்டி எட்டிப் பார்த்தார்.

றொசானா சுவக்கினைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அழைப்பு வந்த நாளிலிருந்து அதை அண்ணனிடம் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

“அம்மா மாசி மாசம் எங்கள விட்டுட்டு மோசம் போயிட்டாங்க, மாமா.”

அவர் கதிரையில் உட்கார்ந்தார்.  பிறகு றொசானாதான், சொல்லாமல் போனால் தாங்காது என்பதைப்போல, மெல்லச் சொன்னாள்.

“நாங்க உங்கட பக்கத்த முந்தியே பார்த்தோம், மாமா. மூணு வருசத்துக்கு முந்தி. சூசை, மரியாய், யோசப்பின்னு தேடினப்ப வந்திச்சி. நான் அம்மாவுக்கு வாசிச்சிக் காட்டினேன். அம்மா எழும்பி நின்டுட்டாங்க. பிறகு ‘பிறந்த இடம் கிரான்வில்’னு வாசிச்சதும் உக்காந்துட்டாங்க.”

“ஏன்?”

“‘அது நாங்க இல்லடி, நம்மளது தொப்பிக்காரன் தோட்டம். எனக்குத் தம்பியும் இல்ல. சூசையும் மரியாயும் யோசப்பினும் லயத்துக்கு லயம் இருக்காங்க, இது வேற யாரோ’ன்னாங்க. எதுக்கும் ஒரு கோல் எடுப்போம்னு நான் சொன்னேன். ‘அடுத்தவங்க வீட்டுப் பிள்ளையத் தேடுறாங்க பாவம், நாம போயி ஆச காட்டக்கூடாது’ன்னு போன வாங்கி வச்சிட்டாங்க.”

ஒன்பது வயதில் எழுத்து வாசிப்புத் தெரியாமல் போன பிள்ளை. பலகையில் என்ன எழுதியிருந்தது என்று அவளுக்கு யார் வாசித்துக் காட்டினார்கள்? ஊரைவிட்டுப் போகும்போது அவள் கொண்டுபோன ஒரே சொத்து அந்தப் பெயர்தான். அதைத்தான் தம்பி சிவப்பு மையால் வெட்டி வைத்திருந்தார். தேடிக் கிடைத்த அக்கா அவர் வாசல்வரை வந்து, தன் தோட்டத்துப் பெயர் பலகையில் இல்லையென்று திரும்பிப் போயிருந்தாள்.

ஸ்ரனிஸ்லாஸ் வாய்விட்டு அழுதார். அறுபது தாண்டிய ஆள், தாள் பிசகாமல் அடுக்கிய அலுமாரிக்கு முன்னால், பிள்ளைபோல் அழுதார். ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று சொல்ல சுவக்கினுக்கு முழு உரிமை இருந்தது. அவன் சொல்லவில்லை, எழும்பிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

“மாமா, அம்மாட கல்லறைக்குக் கல்லு வைக்கணும்” என்றாள் றொசானா. “மரணச் சான்றிதழ்ல பிறந்த இடம் தெரியாதுன்னு போட்டுட்டாங்க. கல்லுலயாவது சரியாப் போடணும். நீங்க எழுதித் தாங்க.”

அவர் ஒரு தாளை எடுத்து எழுதினார்.  றொசானா வாங்கி வாசித்தாள்.

“கிரான்வில்லையும் அடைப்புக்குள்ள போடவா, மாமா? ஆபீஸ் பேருதானே?”

“வேணாம்மா” என்றார் ஸ்ரனிஸ்லாஸ். “அது அக்காவுக்குத் தெரியாத எடம்.”