இரண்டு பதினெட்டு

பதினெட்டு நாளும் ஆறு மணி நேரமும் ஆகியிருந்தன. அடைகாக்கும் பெட்டிக்குள் நாற்பத்தெட்டு கோழி முட்டைகள் இன்னும் புரண்டுகொண்டிருந்தன.

மணிக்கொருமுறை மோட்டார் முனகும். தட்டு மெல்லச் சாயும். மஞ்சள் வெளிச்சத்தில் எல்லாம் ஒரே தூக்கத்தில் ஒருக்களித்துப் படுப்பது போலிருக்கும். கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தால் அவளுக்கும் கண் சொக்கும். ஆனால் பதினெட்டு நாள் முடிந்ததும் தட்டு நின்றுவிட வேண்டும். முட்டை ஓட்டை உடைப்பதற்காகக் குஞ்சு தலையைத் திருப்பிவைக்கும் நேரம். அசைத்தால் திசை தப்பிவிடும்.

"உன் புரோகிராம் சரியாத்தானே இருக்கு?" என்றாள் அண்ணி. பெட்டியும் ஒயரும் அண்ணியின் வேலை. உள்ளே இருக்கும் சிப்புக்குப் புரோகிராம் எழுதியது நாத்தனாரான அவள்.

அவள் தலையசைத்தாள். எந்தப் பக்கம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஏய் ஊமைக்கோட்டான், உன் பங்குப் பேச்சையும் உங்கண்ணனே பேசித் தீர்த்துட்டாரா? சரி விடு, நீ எழுதினா தப்பு வராது. மோட்டாருக்குக் கரண்ட் விடுற ரிலேதான் மக்கர் பண்ணுது."

தப்பு அவளுக்குக் காலையிலேயே தெரிந்துவிட்டது. புரோகிராமில் எண்கள் வெறும் எண்களாகக் கிடந்தால் அவளுக்குப் பிடிக்காது, பெயர் வைத்துவிடுவாள். மேலே ஒரு வரியில் மதிப்பைச் சொன்னால், கீழே அந்தப் பெயர் வரும் இடத்திலெல்லாம் அதுவே. பதினெட்டு இரண்டு இடத்தில் இருந்தது: ஒன்று, ஒவ்வொரு முறையும் தட்டைச் சாய்க்க மோட்டார் ஓடும் விநாடி; மற்றொன்று, அது ஒரேயடியாக ஓய வேண்டிய நாள். பார்க்க ஒரே முகம். அரைத்தூக்கத்தில் இரண்டுக்கும் ஒரே பெயரைச் சூட்டிவிட்டாள். பிறகு அண்ணி, "தட்டு முழுசா சாயல, இருபத்திநாலு விநாடி ஓடட்டும்" என்றபோது, மேலே அந்த ஒரு வரியை மாற்றினாள். கூடவே நாளும் இருபத்திநாலாகிவிட்டது.

வெளியிலிருந்து கேபிளை மாட்டி ஒரு நிமிடத்தில் திருத்திவிடலாம். அதற்கு முதலில் வாயைத் திறக்க வேண்டும்.

அண்ணி திருப்புளியை எடுத்தாள். "திறந்து ரிலேயை மாத்திடறேன். பத்து நிமிஷம்."

பத்து நிமிடத்தில் சூடும் ஈரமும் போய்விடும். ஓட்டின் உள்தோல் காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். அவளுக்குள் நாற்பத்தெட்டு சின்ன இதயங்கள் பஞ்சில் பொதிந்ததுபோல் மெல்லத் துடித்தன.

முதல் திருகாணி மேசையில் உருண்டது. இரண்டாவது கழன்றது.

"அண்ணி." குரல் காற்றாகத்தான் வந்தது. அவள் மூடியின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"என்னடி?"

"திறக்காதீங்க. ரிலே நல்லாத்தான் இருக்கு. நாளுக்கும் விநாடிக்கும் ஒரே பேரை வச்சது நான்தான்."