பதில் சொல்லாத மிக்கேல்

பட்டப்பகலில்தான் அந்தக் குரல் வரும். மிக்கேல் வலையின் கிழிசலை முடிந்துகொண்டிருப்பான், அல்லது கஞ்சியை வாய்க்குக் கொண்டுபோவான். காதோரம் கேட்கும்: “மிக்கேலு, கீறியா?” இருக்கிறாயா என்று கேட்கிற முனியனின் குரல். முனியன் கடலோடு போய் இன்றோடு நாற்பத்தோரு நாள் ஆகிறது.

ஐப்பசிக் காற்றில் இருவரும் ஒரே கட்டுமரத்தில் போனார்கள். கயிறு அறுந்து மரங்கள் பிரிந்தன. ஆளுக்கொரு மரத்தைப் பற்றிக்கொண்டு இரண்டு நாள் கிடந்தார்கள். ரங்கூனிலிருந்து வந்த கப்பல் மிக்கேலை மட்டும் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தது. மயிலாப்பூர்க் கடலோரக் குப்பத்தில் அவனுக்காக இறந்தோர் பூசை நடந்துகொண்டிருக்கும்போது அவனே கோயில் வாசலில் வந்து நின்றான்.

குப்பத்துக்கு ஓர் அற்புதம் கிடைத்தால் லேசில் விடுமா? இரண்டு நாளும் அவன் விடாமல் செபமாலை சொன்னான் என்றார்கள். மாதா அலைமேல் நடந்து வந்தாள் என்று ஒருவர் சொல்ல, அவள் கட்டியிருந்த சேலையின் நிறம் வரைக்கும் அடுத்தவர் சொன்னார். காய்ச்சல் கண்ட பிள்ளைகளைக் கொண்டுவந்து அவன் கையைத் தலையில் வைக்கச் சொன்னார்கள். அவன் எதையும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

இன்று சாயங்காலம் மாதா சப்பர ஊர்வலம். முன்தண்டுக்கு மிக்கேல்தான் தோள் கொடுக்க வேண்டும், விசுவாசம் தன்னைக் காப்பாற்றிய கதையை அவன் வாயாலேயே சொல்ல வேண்டும் என்று பங்குச் சாமியார் உத்தரவு போட்டுவிட்டார். அவன் மனைவி தேசம்மா வேட்டிக்கு நீலம் போட்டு உலர்த்தியிருந்தாள். அந்தத் தண்டைத் தொட்டால் பிழைக்க மாட்டோம் என்று நிச்சயமாக நம்பினான்.

நடந்தது அவனுக்கல்லவா தெரியும்! இரண்டாம் நாள் உச்சிப்பொழுதில் நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. அவன் வானத்தைப் பார்த்து, “நீ இல்ல. இருந்தாலும் எனுக்கு வாணாம்” என்று கத்தினான். கழுத்துக் கயிற்றில் கிடந்த, மாதா படம் தைத்த உத்தரியத்தைப் பிய்த்துக் கடலில் எறிந்தான். அலைகளுக்கு அப்பால் முனியன், இவன் கண்ணயர்ந்து கைவிட்டுவிடக் கூடாதே என்று, “மிக்கேலு, கீறியா?” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அதுவரைக்கும் “கீறேன்” என்று சொல்லி வந்தவன், அந்த ஆத்திரத்தில் வாயை மூடிக்கொண்டான். பொழுது சாயும்போது குரல் நின்றது. கொஞ்ச நேரத்தில் கப்பல் தெரிந்தது.

ஏசியவனைக் கடவுள் கரையேற்றுவானேன்? நிதானமாக அடிக்கத்தான் என்று மிக்கேல் முடிவு செய்திருந்தான். இந்தக் குரல் அதன் ஆரம்பம்.

மத்தியானம் முனியனின் மனைவி பச்சையம்மா வந்தாள். ராயப்பேட்டையில் மீன் விற்றுவிட்டு வெறுங்கூடையோடு நேரே வருகிறாள். இத்தனை நாளாய் இந்த வாசலை மிதிக்காதவள்.

“சாயங்காலம் ஊருக்கெல்லாம் சொல்லப் போறியாமே. முதல்ல எனுக்குச் சொல்லு. எங்க வூட்டுக்காரரு கடைசியா இன்னா சொன்னாரு?”

உன் பேரைத்தான் சொன்னார் என்று ஒரு பொய்யை நாற்பது நாளாய் நாக்கு நுனியில் வைத்திருந்தான். வாயைத் திறந்தபோது காதோரம் குரல் கேட்டது. பொய்யை விட்டுவிட்டான். எல்லாவற்றையும் சொன்னான்.

பச்சையம்மா கூடையாலேயே அவனை அடித்தாள். “பாவி! ‘கீறேன்’னு ஒரு வார்த்த. அத்த சொல்லக் கூடாதா?” தேசம்மா ஓடிவந்து பிடிக்கப் பார்த்தாள். அவன் தடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தபின் பச்சையம்மா அங்கேயே உட்கார்ந்தாள்.

“நீ பேசாம போனதுக்கு அப்பால எத்தினி வாட்டி கூப்ட்டாரு?”

“எண்ணல அண்ணி. பொழுது சாயற வரிக்கும் கூப்ட்டாரு.”

“கோவிச்சுக்கினாரா?”

மிக்கேல் யோசித்தான். அதை அவன் யோசித்ததே இல்லை. “இல்ல அண்ணி. மொதல்ல எப்பிடிக் கூப்ட்டாரோ அப்பிடியேதான்.”

அவள் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். “நான் சண்ட போட்டுக்கினு எங்கம்மா வூட்டுக்குப் போவேன். வாசல்ல நின்னு கூப்ட்டுக்கினே இருப்பாரு. வாய்க்கு வந்தத ஏசுவேன். போவ மாட்டாரு. ஒரு மனுசனே இப்பிடின்னா, உங்க சாமி நீ ரெண்டு வார்த்த ஏசினதுக்கு ஓடிப்பூடுமா? போய்த் தூக்கு. பொய் மட்டும் சொல்லாத.”

சாயங்காலம் சப்பரத்தின் முன்னால் நின்று மிக்கேல் சொன்னான்: “நான் ஒண்ணும் வேண்டிக்கல. சாமியே இல்லன்னு கத்துனேன். முனியன் அண்ணாத்த கூப்ட்டாரு, பதில் சொல்லல. அதுக்கெல்லாம் அப்பாலதான் கப்பல் வந்துச்சு.”

வாத்தியம் நின்றது. நேற்று இவன் கையால் பிள்ளையைத் தொடவைத்தவள் பிள்ளையை இழுத்து மறைத்துக்கொண்டாள். தண்டு தூக்க நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். சாமியார் மட்டும் அவனைப் பார்த்து, “தூக்கு” என்றார். மிக்கேல் தோள் கொடுத்தான். ஒற்றை ஆளுக்கு அது அசையுமா?

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பச்சையம்மா வந்தாள். வேற்று மதத்துக்காரி, அதிலும் தாலி அறுத்தவள், அதிலும் பெண். குப்பம் வாய் பிளந்தது. அவள் யாரையும் பார்க்காமல் மறுபக்கத்துத் தண்டின் கீழ் தோளைக் கொடுத்தாள். அதைப் பார்த்த பிறகுதான் ஆண்பிள்ளைகளுக்கு வெட்கம் வந்தது. தலையைக் குனிந்துகொண்டு ஆளுக்கொரு பக்கம் வந்து பிடித்தார்கள்.

சப்பரம் எழும்பியது. மிக்கேல் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டு நடந்தான். நாற்பத்தோரு நாளில் அன்றுதான் அவன் பயமில்லாமல் அழுதான்.